பசியில்லாமல் விழித்த பிள்ளை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் 1964 டிசம்பரில், தாராவியில், ஹபீபாவுக்கு இது நடந்தது. நேரங்களைக்கூட அவள் சொன்னபடியேதான் எழுதியிருக்கிறது.

மகள் ரோஷன் பிறந்து பதினெட்டு நாள். பகலெல்லாம் தூங்கும், ராத்திரியெல்லாம் அழும். கணவன் ஷேக் பரீதுக்கு மில்லில் நைட் ஷிப்ட். பகலில் அவன் தூங்குவதற்காக அந்த ஒற்றை அறையின் ஜன்னலில் எப்போதும் ஒரு கோணி தொங்கியது. நாற்பது நாள் கழியாமல் ஹபீபா வாசலைத் தாண்டக் கூடாது. தாயும் பிள்ளையும் இருட்டிலேயே கிடந்தார்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் பக்கத்து வீட்டுக்காரி பேராச்சி, வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கோணியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"வயித்துக்குள்ள கிடந்த பிள்ளைக்கு ராத்திரி என்ன, பகல் என்ன? வெளிச்சத்தக் கண்டாத்தான பழகும்."

"அப்போ நான் எப்படித் தூங்க?" என்றான் பரீத்.

"மூஞ்சில துண்டப் போட்டுத் தூங்கும். பெத்தவருதான நீரு."

அன்று ராத்திரியே பிள்ளை தூங்கிவிட்டது. பத்து மணிக்குக் கண் மூடியது, காலை ஐந்தரைக்குத்தான் விழித்தது. ஹபீபாவும் அடித்துப் போட்டதுபோல் தூங்கியிருந்தாள்.

"ஒரே நாள்லயா?" என்றாள் பேராச்சி. "எம் பிள்ளைகளுக்கு ரெண்டு மாசம் பிடிச்சுது. ஒம் மக கெட்டிக்காரிதான்."

எல்லோரும் சிரித்தார்கள். வெளிச்சம் செய்த வேலை என்றே நம்பினார்கள்.

ஆனால்... பிள்ளைக்குப் பசிக்கவில்லை.

ஏழரை மணி நேரம் பால் குடிக்காத பிள்ளை, மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பியது. ஹபீபாவுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகியிருந்தது. பிள்ளையின் கன்னத்திலோ, காய்ந்த பாலின் தடம்.

சனி ராத்திரியும் அப்படியே. ஞாயிறு பகலில் ஒரு தடவைகூட அது அவளிடம் குடிக்கவில்லை. வயிறு மட்டும் நிறைந்திருந்தது.

"என் பாலு இவளுக்கு வேண்டாமாம், மச்சான்."

"வேற யாரு குடுக்கா? பேசாமத் தூங்கு." பரீத் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

திங்கள் ராத்திரி அவள் படுக்கவில்லை. பிள்ளையைப் பாயில் கிடத்தி, பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அரிக்கேன் விளக்கு எரிந்தது.

12.50. சயான் பக்கம் கடைசி ரயில் போனது.

1.40. கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள்.

2.10. விளக்கு தானாகத் தணிந்தது.

ச்சப்... ச்சப்...

குனிந்து பார்த்தாள்.

பிள்ளை மறுபக்கம் புரண்டிருந்தது. இருபத்தொரு நாள் பிள்ளை தானாகப் புரளாது. கண் மூடியிருந்தது. வாய் அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது.

அதற்கு எதிரே பரீதின் தலையணை.

தலையணையில் ஒரு குழி.

பரீத் மில்லில் இருந்தான்.

ச்சப்... ச்சப்...

வெடுக்கென்று பிள்ளையை அள்ளினாள். அது வீரிட்டது. வாயோரம் பால்... வெதுவெதுப்பாக.

தலையணைக் குழி மெல்ல நிமிர்ந்தது.

யாரோ எழுந்து உட்காருவதுபோல.

2.14. ஹபீபா வாசலைத் தாண்டினாள். செருப்பில்லை. நாற்பது நாள் கணக்கில்லை. ஓடினாள். சந்து முனைவரை பின்னால் ஓர் ஓசை... ஷ்ஷ்... ஷ்ஷ்... அழும் பிள்ளையை அமர்த்தும் ஓசை.

சயான் ஸ்டேஷன் வாசலில், 4.20க்கு, ரோஷன் அவள் மார்பைத் தேடினாள். குடித்தாள். அப்போதுதான் ஹபீபா அழுதாள்.

அந்த அறைக்கு அவர்கள் திரும்பவில்லை. கோவண்டியில் வேறு வீடு பார்த்தார்கள். அங்கே இரண்டு மாதம் ரோஷன் ராத்திரி முழுக்கப் பாலுக்கு அழுதாள். ஹபீபா ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளையைப் பார்க்க வந்த பேராச்சி ஒரு சங்கதி சொன்னாள். தாராவியில் அதே அறையில் முன்பு குடியிருந்தவன் வானமாமலை. மனைவி பிரசவமாகிப் பன்னிரண்டாம் நாள் அந்த அறையிலேயே செத்துப்போனாள். கைக்குழந்தையைக் கல்யாணில் இருக்கும் தங்கையிடம் விட்டிருந்தான்.

"அந்தப் பிள்ள ராத்திரில முழிக்கவே முழிக்காதாம். பாலே கேக்காதாம். ஆனாலும் கொழுகொழுன்னு இருந்துச்சாம்."

"இப்போ?"

"காய்ச்சல்ல போயிட்டு."

"எப்போ, அக்கா?"

பேராச்சி விரல் விட்டு எண்ணினாள். கடைசி விரலில் நிறுத்தி, ரோஷனையே பார்த்தாள்.

"ஒம் பிள்ள மொதமொதல்ல ராத்திரி தூங்குச்சே... அன்னிக்குச் சாயங்காலம்."