காலடியில் கீறிய கண்

மன்னார் பஸ் நிலையத்தில் இரண்டு சாம்பல்நிற பெயின்ற் டின்களோடு நின்றபோதுதான் மெட்டில்டா அக்காவின் தங்கை தொலைபேசியில் கூப்பிட்டார். "அக்கா விடிய தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவ, அப்படியே சரிஞ்சிட்டா. முடிஞ்சுது, பிள்ளை." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, எரிச்சல். சாம்பல் சரியில்லை என்று அக்கா மூன்று தடவை என்னைக் கடைக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். இந்தமுறை அவரிடம் சொல்லவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வங்காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அதைக் கேட்காமலே போய்விட்டார்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு இது விளங்கும். வங்காலைக் கரையில் படகுகளுக்குப் பெயர் எழுதியவர். எத்தனை படகுகளில் அந்தோனியாரின் படத்தைக் கீறினார் என்று அவருக்கே தெரியாது. அருகிவரும் கடற்பசுவைக் காக்க அதைப் படகுகளில் வரைவிக்கும் திட்டமொன்றுக்காக, நான் வேலை செய்யும் கந்தோர் என்னை அவரிடம் அனுப்பியது. முதல் நாளே சண்டை. நான் கொண்டுபோன தாளை வாசித்துவிட்டுச் சிரித்தார். "கந்தோரில பசு, கரையில பன்றி. பேரை மாத்தினா இறைச்சி ருசி மாறுமோ, பிள்ளை?" எங்கள் பக்கத்தில் அதைக் கடற்பன்றி என்றுதான் சொல்வார்கள். வலையில் சிக்கினால் கரை சேருமுன்பே பங்கு பேசி முடிந்துவிடும்.

படகின் வெளிப்பக்கத்தில், வீதியால் போகிறவர்களுக்குத் தெரியும்படி வரைய வேண்டும் என்பதுதான் பேச்சு. அக்காவோ மீன்பிடிக்கும் சூசை அண்ணையின் படகுக்குள் இறங்கி, வலை இழுக்கிறவர்கள் நிற்கும் இடத்தில், நாலடிக் குட்டியொன்றைக் கீறிவைத்தார். பிறந்த குட்டி அவ்வளவுதான் இருக்குமாம். திட்டத்தின் திறப்பு நாளில் வந்த அதிகாரி படகை இரண்டு முறை சுற்றிவந்து, "படம் எங்கே?" என்று என்னைக் கேட்டார். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன். அக்கா அசையவில்லை. "வெளியில கீறினா பார்க்கிறவனுக்கு. உள்ளுக்குக் கீறினா பிடிக்கிறவனுக்கு." அந்தப் பதில் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, விளக்கக் கடிதம் எழுதியது நான்.

சூசை அண்ணைக்கு என்னைவிடக் கோபம். குட்டியின் கண், சரியாக அவர் வலது காலை ஊன்றும் இடத்தில் இருந்தது.

"மனுசன் எங்க நிக்கிறது? மூஞ்சையில மிதிக்கச் சொல்லுறியளோ?"

"மிதியுங்கோவன். பெயின்ற் தானே," என்றார் அக்கா.

அவர் மிதிக்கவில்லை. காலைத் தள்ளிவைத்துக் கோணலாக நின்று வலை இழுத்தார். மெட்டில்டாவால் முதுகு போச்சு என்று காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

சில மாதங்களின் பின் ஒருநாள், நான் அக்காவின் வீட்டில் இருந்தபோது, சூசை அண்ணை வாசல் படலையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். குட்டியொன்று வலையில் சிக்கியிருக்கிறது. வலையை வெட்டி அதை விட்டுவிட்டார். "உங்கட அந்தக் கண்ணால என்ர வலை போச்சு!"

அக்கா தூரிகையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "தாய் பக்கத்தில நிண்டதோ?"

"நிண்டது, நிண்டது! அதுக்கு இப்ப என்ன?"

அவ்வளவுதான். ஒரு நன்றி இல்லை, ஒரு தேத்தண்ணி இல்லை. அவர் போனபின் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நல்ல சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொன்னா நான் கேட்டதால அவர் விட்ட மாதிரி ஆகிடும். அவர் தானா விட்டவர்."

எங்கள் திட்டத்தில் பெயின்றுக்குக் காசிருந்தது, வெட்டிய வலைக்கு இருக்கவில்லை. அதற்கும் நான் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் சூசை அண்ணை என்னைக் கரைக்குக் கூட்டிப்போனார். படகுக்குள் குட்டியின் உடம்பு கால்பட்டுக் கால்பட்டுத் தேய்ந்து, இன்னதென்று தெரியாமல் கிடந்தது. கண் மட்டும் நேற்றுக் கீறியதுபோல் இருந்தது.

"இதை அழிச்சுத் தாங்கோ, தங்கச்சி. இன்னொரு வலைக்கு நான் எங்க போறது?"

"நீங்களே ஒரு பூச்சுப் பூசலாமே, அண்ணை."

"எனக்கு ஏலுமெண்டா உங்களிட்டக் கேப்பனோ?"

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. பிள்ளைகள் உள்ள வீடு. ஆனாலும் முடியாது என்றேன். காரணமும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "நீங்களும் அவவைப் போலதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நல்ல மனிதரொருவரை நோகவைத்துவிட்டு விட்டுக்கொடுக்காமல் நிற்கும் இந்தப் பொல்லாத குணம்தான் அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.