டீச்சர் மூடிவிட்டுப் போன எருக்குழி

அப்போது மன்னார்புரத்தில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். பக்கத்துப் போர்ஷனில் ஒரு கிறிஸ்தவ டீச்சர் தன் தாயாருடன் இருந்தார். கொல்லையில் அவர் எருக்குழி வெட்டி அவரைக்கொடி வளர்ப்பதைப் பார்த்து, நானும் நாலடி தள்ளி ஒரு குழி வெட்டினேன். குழியில் எதை எப்படிப் போடுவது என்று அவரிடம் கேட்க மட்டும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

மிஞ்சிய சோறு, குழம்பு, கஞ்சி எல்லாவற்றையும் கொட்டினேன். ஒரே மாதத்தில் கொல்லைப்பக்கம் போக முடியாத நாற்றம்.

"அவங்க மீன் கழிவையெல்லாம் குழியில போடுறாங்க. நாறாம என்ன செய்யும்?" என்று வீட்டு உரிமையாளரிடம் நான்தான் சொன்னேன். அவர் டீச்சரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

போகிற அன்று டீச்சர், "குழியை மண்ணு போட்டு மூடிட்டேங்க. இனிமே நாத்தம் வராது" என்றார்.

நாற்றம் போகவில்லை.

ஒரு வாரம் பொறுத்து அவருடைய குழியைக் கிளறினேன். மீன்முள் ஒன்றுகூட இல்லை. காய்த்தோல், அதன்மேல் சருகு, அடுப்புச் சாம்பல், மண் என்று அடுக்கடுக்காக இருந்தது. அடியில் இருந்த எரு பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு என் குழியைக் கிளறினேன். புழு நெளிந்தது.

அன்றிலிருந்து நானும் டீச்சரைப்போலவே சருகும் சாம்பலும் போட்டேன். நாற்றம் நின்றது.

சில மாதம் கழித்து டீச்சரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன்.

"நாத்தம் நின்னுருச்சுங்களா? எங்களால உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

"நின்னுருச்சு டீச்சர்" என்றேன். எப்படி நின்றது என்று சொல்லவில்லை. முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். நான் போகவேண்டிய பஸ் அதுவல்ல.