அத்தை கேட்ட கேள்விகள்

பல் டாக்டர் பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு ஈறில் வைத்தார். பல்லுக்கு வைத்த மருந்துக்கு என் இடது காது கூசியது. அந்தக் காதில்தான் அத்தை பேசுவாள்.

அத்தை, அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டுத் தறியில் புதுப் பாவு, அதாவது புடவைக்கான நெடுக்கு நூல், ஏற்றும் போதெல்லாம் வாலாஜாபாத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவாள். தறியில் மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். முதல் இழையை அத்தை முறுக்கினால் புடவை குறையில்லாமல் இறங்கும் என்று அப்பா நம்பினார். தெருவே நம்பியது. நானும்தான்.

முறுக்கிக்கொண்டே, கன்னத்தில் கிராம்பை ஒதுக்கி, என்னை அருகே இழுத்துக்கொள்வாள்.

"உங்கம்மா நேத்து எங்கடி போனா? யாரு கூட பேசிக்கினு இருந்தா? அரிசிப் பானை எறங்கியிருக்குதே, அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பினாளா?"

பதிலுக்கு ஒரு கமர்கட். எட்டு வயதில் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மெல்ல மெல்ல, அத்தை இல்லாத நாள்களிலும் நான் அம்மாவை வேவு பார்க்கத் தொடங்கினேன். அம்மா சிரித்தால், ஏன் சிரிக்கிறாள்? சிரிக்காவிட்டால், ஏன் சிரிக்கவில்லை? கடைக்குப் போனவளுக்கு இவ்வளவு நேரமா? ஒரு வெள்ளிக்கிழமை பின்னாலேயே போனேன். அம்மா கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்தாள். சாமியைக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் காலை விட்டபடி சும்மா இருந்தாள். சும்மா இருப்பதற்கு ஒருத்தி அவ்வளவு தூரம் நடப்பாளா?

அடுத்த பாவுக்கு வந்த அத்தையிடம் ஒப்பித்தேன். இரண்டு கமர்கட் கிடைத்தது. அப்பாவிடம் சொல்லும்போது அத்தை அந்தப் படியில் இன்னொரு ஆளையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறாள். அப்பா அம்மாவோடு பேசுவதை நிறுத்தினார். எதுவானாலும் என் வழியாகத்தான். "உங்கம்மாவ சோறு போடச் சொல்லு." அந்தப் பாவு தீரும்வரை, அதாவது மூன்று புடவைக் காலம், இப்படியே ஓடியது. அம்மா என்னை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

மறு பாவு வந்த காலை. அத்தை உள்ளே நுழையும்போது அம்மா தறியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், விரலில் சாம்பலோடு. ஒரு சாண் அகலத்துக்கு முறுக்கி முடித்திருந்தாள்.

"இன்னாம்மா இது, நான் வர்றதுக்குள்ள?"

"உக்காருங்க அண்ணி, காப்பி குடிங்க. இனிமே இத்த நானே பாத்துக்கிறேன்."

அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை குனிந்து இழைகளை விரலால் விலக்கிப் பார்த்தாள். சிரித்தாள்.

"மகராசி! நடுவுல ஒரு இழைய உட்டுட்டு கட்டிக்கினே போயிருக்கிற. அதுக்கப்புறம் அத்தினியும் தப்பு."

உண்மைதான். ஒன்று தவறினால் பின்னால் வருபவை எல்லாம் இடம் மாறிவிடும். விடியலிலிருந்து செய்த வேலை வீண். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. இனி அத்தைதான் உட்கார்ந்தாக வேண்டும்.

அம்மா ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"அவுத்துட்டு திரும்பக் கட்டிக்கிறேன் அண்ணி. நாளைக்கு வரிக்கும் ஆனாலும் ஆகட்டும்."

"ஏன், என் கை ஆவலியா உனக்கு?"

"கைய ஒண்ணும் சொல்லல. எம்புள்ளய பக்கத்துல இஸ்துக்கினு கேக்கறீங்களே, அது வேணாம். எதுனா தெரியணும்னா என்னைக் கேளுங்க. கொளத்தங்கரைக்குப் போனேன். செத்த நேரம் தனியா இருக்கணும்னு போனேன். நாளைக்கும் போவேன்."

"பாத்தியாடா உம் பொண்டாட்டி பேச்ச?"

அப்பா அக்காவைப் பார்க்கவில்லை. குனிந்து, விட்டுப்போன அந்த ஒற்றை இழையைத் தேடி எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "இந்தா, இதான்." மூன்று புடவைக்குப் பிறகு அவளிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு.

காப்பியைத் தொடாமல் அத்தை எழுந்தாள். வாசலில் என் கையைப் பிடித்தாள். "வாடி, என்னை பஸ்ஸு ஏத்திட்டு வா." அம்மா என் தோளில் கை வைத்தாள். இழுக்கவில்லை. எடுக்கவும் இல்லை. அத்தையின் பிடிதான் தளர்ந்தது.

அத்தை வாசல் இறங்கும்போது அம்மா சொன்னதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பிறகு பல வருடம் குடைந்துகொண்டிருந்தேன். அத்தை பழக்கிவிட்ட பழக்கம் அப்படி. எதுவுமே ஒளிந்திருக்கவில்லை, அவள் சொன்னது அவ்வளவுதான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

"தீபாவளிக்கு வாங்க அண்ணி, சாப்புட்டுப் போலாம். புள்ளய மட்டும் தனியா கூப்புடாதீங்க."