சூரியன் உதிக்கும் திசை: அஞ்சு

"சூரியன் எங்க உதிக்கும்?" என்று கேட்டார் உளவியலாளர்.

"அஞ்சு" என்றாள் கார்த்திகா.

"சரி. வாரத்துக்கு எத்தனை நாள்?"

"ஏழு."

"ஒரு கையில எத்தனை விரல்?"

"கெழக்கு."

மாற்றுத்திறன் மாணவர்களுக்கான மருத்துவ முகாமில் அவளுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில்கள் சரி, கேள்விகள்தான் இடம் மாறியிருந்தன. உளவியலாளர் பேனாவை மூடினார். "டீச்சர், யாரோ வரிசையாச் சொல்லிக் குடுத்து அனுப்பிருக்காங்க. இதை வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. அடுத்த முகாமுக்குக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த முகாம் வருவதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கும் தேதி போய்விடும். சான்றிதழ் இல்லையென்றால் கூடுதல் நேரம் இல்லை, கேள்வியைப் படித்துக் காட்டி எழுத ஆளும் இல்லை. கார்த்திகா கேள்வித்தாளையே அழகாகப் பார்த்து எழுதி வைத்துவிட்டு வருவாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அவள் அதைத்தான் செய்வாள்.

அவளை நான் கண்டுபிடித்ததே அப்படித்தான். திருவரங்குளம் பக்கத்துப் பள்ளிகளில் அப்போது நான் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பட்டியலைக் கேட்டபோது, அதில் கார்த்திகா பெயரே இல்லை. "அவளா? அச்சடிச்ச மாதிரி எழுதுவா டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பாடத்தின் ஓரத்திலும் 'பதிவு 38, வருகை 35' என்று எழுதியிருந்தாள். கரும்பலகை மூலையில் லீடர் எழுதிப் போடுகிற வருகைக் கணக்கையும் சேர்த்து இறக்கியிருக்கிறாள்! நோட்டை நீட்டி, "இதப் படி தாயி" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வருடமாக அவளுடைய கையெழுத்து எல்லார் கண்ணையும் கட்டியிருந்தது. என் கோபம் முழுக்க அந்தச் சிவப்பு மையில் போட்ட 'நன்று'களின் மேல்தான்.

முதலில் கண்ணும் காதும் சோதித்தோம். இரண்டிலும் குறையில்லை. பிறகு வீட்டுக்குப் போய் அவளுடைய அம்மா மல்லிகாவிடம் பேசினேன். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். அந்தம்மா பயந்து நடுங்குகிறாரே என்று, "ஒண்ணுமில்லங்க, கையில எத்தனை விரல், வாரத்துக்கு எத்தனை நாள், சூரியன் எங்க உதிக்கும், இந்த மாதிரி சாதாரணமாத்தான் கேப்பாங்க" என்று தைரியம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிவைத்து, பத்து நாள் காலையும் மாலையும் மகளை உருப்போட வைத்திருக்கிறார். நம் ஊரில் பரீட்சை என்றால் வேறு என்ன செய்வார்கள்? வாயைக் கொடுத்தவள் நான்.

முகாம் வராந்தாவில் மல்லிகாவைப் பிடித்தேன்.

"ஏங்க இப்புடிச் செஞ்சீங்க?"

"எம்புள்ளைய லூசுன்னு எழுதிப்புட்டா, நாளைக்கு எவன் டீச்சர் கட்டுவான்? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேரா வந்து பரீட்சை எழுதப் போறாங்க? அவ பாஸ் பண்ண வேண்டியது இங்க இல்லீங்க, பத்தாவதுல. இங்க அவளுக்கு என்ன தெரியாதுன்னு தெரிஞ்சாத்தான் அங்க பாஸ் பண்ண வைக்க முடியும்."

கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, அவருகிட்ட நானே உண்மையச் சொல்றேன்" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு உளவியலாளர் மீண்டும் உட்கார்ந்தார். இந்த முறை மரப்பலகையும் வண்ணக் கட்டைகளும் எடுத்தார். அதற்கு யாரும் பதில் சொல்லிக் கொடுக்க முடியாது. குழிக்கேற்ற கட்டையைக் கார்த்திகா மெதுவாக, ஆனால் சரியாகப் பொருத்தினாள். படத்தைப் பார்த்துக் கட்டைகளை அடுக்கச் சொன்னபோது திணறிப் போனாள். அடுத்து, மகளைப் பற்றி அம்மாவிடம் கேட்டார். மணி பார்க்கத் தெரியாது, அறந்தாங்கி பஸ்ஸில் தனியாக அனுப்பினால் எந்த நிறுத்தத்தில் இறங்குவதென்று தெரியாது; ஆனால் சொன்ன வரிசை பிசகாமல் முழுச் சமையலும் செய்துவிடுவாள். மல்லிகா ஒன்றையும் மறைக்கவில்லை.

லேசான அறிவுத்திறன் குறைபாடு என்று சான்றிதழ் வந்தது. அதைக் கொடுக்கும்போது உளவியலாளர் சிரித்தார். "சொல்லிக் குடுத்த பதிலை வரிசை மாறாம வச்சிருந்தா பாருங்க, அதை விட்றாதீங்க டீச்சர்."

விடுவேனா! எந்த உருப்போடுதலால் முகாமில் மானம் போனதோ அதையே பிடித்துக்கொண்டேன். பாடங்களைச் சமையல் குறிப்பு போலப் படிப்படியாக உடைத்தோம். மல்லிகாதான் வீட்டில் வாத்தியார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: கேள்விகளைத் தினமும் கலைத்துப்போட்டுக் கேட்க வேண்டும். முதல் மாதம் மறுபடியும் சூரியன் அஞ்சில் உதித்தது. மூன்றாம் மாதம் கிழக்குக்கு வந்தது.

தேர்வு முடிவு வந்த காலையில் போன் அடித்தது. பின்னால் வீடே இரைந்துகொண்டிருக்க, மல்லிகா கத்தினார். "டீச்சர், எல்லாப் பாடத்துலயும் பாஸு! சித்தப்பா, அத்தை, எல்லாரும் இங்கதான் இருக்காக!"

"நாலு பேரும் வந்துட்டாங்களா?" என்றேன். அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் கேட்டது.

அன்றிலிருந்து எந்தப் பெற்றோரிடமும் முகாமில் என்ன கேட்பார்கள் என்று நான் சொல்வதில்லை. புதிதாக வரும் சிறப்பாசிரியர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: மதிப்பீடு பிள்ளை ஜெயிக்க வேண்டிய பரீட்சை இல்லை என்பதைப் பெற்றோருக்கு முதலில் புரியவையுங்கள். நான் சொல்வதைவிட மல்லிகா சொன்னால் இன்னும் நன்றாக ஏறும். அடுத்த வருட முகாமுக்கு அவர் தன் தெருவிலிருந்து ஒரு பெண்ணையும் அவளுடைய பிள்ளையையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பெண் வரிசையில் நின்று மகனின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். மல்லிகா அவள் தோளில் ஓர் அடி வைத்தார்.

"ஏய், சொல்லிக் குடுக்காத. தெரியாதத தெரியலன்னே சொல்லட்டும். எம்புள்ள அப்புடித்தான் பாஸாச்சு."