மகளின் வயிற்றுக்குள் இருந்தது

முதலில் வந்தது வாடைதான். வீட்டைக் கழுவி, பாய் போர்வையெல்லாம் வெளியே போட்டும் போகவில்லை. இந்த மலைக் குளிரில் துணியே சீக்கிரம் காயாது, வாடை எங்கே போகப்போகிறது. எலி செத்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் அடுப்படிப் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். எலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அப்புறம் துணிகள் கிடைக்க ஆரம்பித்தன. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு ஜட்டி. சாமி படத்துக்குக் கீழே இருக்கிற பெட்டியில் ஒன்று. எல்லாம் எங்கள் மகளுடையது. இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், ஒரே பிள்ளை. கேட்டால் தெரியாது என்பாள். ஒரு சாயங்காலம் பனி இறங்குகிற நேரம், எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பின்னால் தேயிலைச் செடி ஓரம் விறகு பொறுக்கப் போனேன். செடிக்குச் செடி அடித்தூரில் சின்னச் சின்னக் குவியலாகத் தேயிலை கிடந்தது. ஒன்றைக் கிளறிப் பார்த்தேன். உள்ளே அவள் ஜட்டி. பக்கத்துக் குவியலிலும் அதே. யாரோ உட்கார்ந்து வரிசையாக நட்டு வைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

கோபமாக வந்தது என்றும் சொல்லத்தான் வேண்டும். கியா பார்ம் சந்தைக் கடையில் நாள் முழுக்க நின்று ஸ்ட்ராபெரி பொட்டலம் கட்டிவிட்டு வந்து இதையும் அலசு என்றால் யாருக்குத்தான் வராது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வராது. பாவாடை நனைந்திருக்கும், வாடை வாசல் வரைக்கும் வரும், அவள் பாட்டுக்கு உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருப்பாள். "எப்ப போன?" என்றால், "நான் போகலியே. தானா வருது" என்பாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால், அந்த வாடை எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

அதைவிட அந்த நிற்கிற நிலை. கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்பாள். குதிகால் தரையில் படாது. இரண்டு காலும் பின்னிக்கொண்டிருக்கும், உடம்பு விறைத்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தொட்டால் கட்டை. கொஞ்ச நேரம் கழித்து உடம்பு தளர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல விளையாடப் போய்விடுவாள்.

எங்கள் லைனில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர் என்று போய்விட்டார்கள், பெற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். மீதியில் வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பங்களா பையன்கள், பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள். கக்கூசு வீட்டுக்குப் பின்னால், பாசி பிடித்த சிமெண்ட் பாதையில் தள்ளிப் போகணும். பக்கத்தில் ஆளில்லாத வீட்டுக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும், அதை மூடவும் முடியாது. மகள் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டாள்.

"ஏன்டி போகமாட்டேங்கற?"

"அங்க போனா வரும்."

"என்ன வரும்?"

வாய்ப்பாட்டு நோட்டைத் திறந்துகொள்வாள். பக்கத்து வீட்டு அக்கா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் அவள் கதவுக்குப் பின்னால் நிற்பதையும் பார்த்துவிட்டார். என்னை வெளியே இழுத்துப்போய், "இது பிள்ள நிக்கிற நில இல்லம்மா. உள்ள ஒண்ணு இருக்கு. பார்க்க வேண்டிய இடத்துல பாரு" என்றார். பிள்ளை காதில் விழாது என்று நினைத்துத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு அப்போது அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் லோரி ஓட்டுகிறார். "வயித்தால போகுது, அவ்வளவுதான். கட்டிப்புடலாம்" என்றார். வயிற்றால் போனால் கெட்டித் தேத்தண்ணி. எங்கள் எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், டாக்டருக்கு முன்னாலேயே இது ஓடி வரும். தூளை அள்ளிப் போட்டு, சீனி இல்லாமல், நாக்கு வறண்டு போகிற அளவுக்குக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சணும். அவரே அடுப்படியில் நின்று காய்ச்சுவார். பப்பாளி நிறுத்தினோம், கீரை நிறுத்தினோம், வயிறு இளகிவிடுமாம். காலையில் ஒரு டம்ளர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு டம்ளர். அவள் முகத்தைச் சுளிக்காமல் குடிப்பாள். அப்பா கையால் கொடுத்தால் எதையும் குடிப்பாள். கசிவு மட்டும் நிற்கவில்லை. நிற்காததால் தூளைக் கூட்டினோம்.

அப்புறம் டீச்சர் போன் பண்ணினார். பாவம், நல்ல மாதிரிதான் பேசினார். மற்றப் பிள்ளைகள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்களாம். "சரி பண்ணிட்டு அனுப்புங்கம்மா" என்றார். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை. நாள் முழுக்க வீட்டில். முன்னே எப்போதாவது கதவுக்குப் பின்னால் நின்றவள் இப்போது மணிக்கொரு தரம் நிற்க ஆரம்பித்தாள். ஒருநாள் அங்கேயே நின்றுவிடுவாள், திரும்பி வரவே மாட்டாள் என்று பயந்துபோனேன். "அந்தக்கா சொன்ன எடத்துக்குத்தான் போய்ப் பார்ப்போமே" என்று என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார்.

கம்போங் ராஜா பக்கம் ஒருவர் பேய் பிசாசு பார்க்கிறார். வெள்ளிக்கிழமை பகலில் போனோம். காடியின் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரித்து அவளை உட்கார வைத்திருந்தேன். வழியெல்லாம் பனி, எதிரே வருகிற லோரியின் விளக்கு மட்டும் வரும், லோரி அப்புறம்தான் வரும். அவர் வீடு கீரைத் தோட்டத்துக்கு நடுவில். சுற்றிலும் பிளாஸ்டிக் கூரை போட்ட பந்தல்கள், காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன.

மகளை மணையில் உட்கார வைத்தார். சூடம் கொளுத்தினார். வேப்பிலைக் கொத்தை அவள் தலையிலிருந்து கால்வரை இறக்கினார். "யாரு நீ?" என்று கேட்டார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு நீ? எங்கேருந்து வந்த?" குரல் ஏறியது. கொத்தால் முதுகில் ஒரு அடி. அவள் அசையவில்லை, அழவுமில்லை. கதவுக்குப் பின்னால் நிற்பாளே, அதே விறைப்பு. அவர் எங்கள் பக்கம் திரும்பி, "பிடிவாதமான சாதி இது. மொளகா பொக போட்டாத்தான் பேசும். பிள்ளைய ஞாயித்துக்கிழம வரைக்கும் இங்க விட்டுட்டுப் போங்க" என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார்.

அப்போதுதான் அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "ம்மா, யாருன்னு சொல்லணும்?"

என்னத்தைச் சொல்ல. நாங்கள் எந்தப் பேரைச் சொல்லிக் கொடுத்தாலும் அந்தப் பேரைச் சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு அதுவாகவே ஆகியும் விடுவாள். அவள் கையைப் பிடித்து எழுப்பினேன்.

"பாதியில எழுந்தா தப்புலா" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாதியோ முழுசோ, காடிய எடுங்க. நேரா கிளினிக்குக்குப் போலாம்."

என் குரலைக் கேட்டு அவர் காடிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அரசாங்கக் கிளினிக்கில் ஒரு மலாய்க்கார டாக்டர், சின்ன வயசுப் பெண். மகளைப் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து மகளின் அடிவயிற்றில் வைத்தாள். தோலுக்குக் கீழே கல் மாதிரி என்னவோ இருந்தது, மரவள்ளிக் கிழங்கு அளவில். அமுக்கினால் நகர்ந்தது. உள்ளே ஒன்று இருக்கத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது நிஜம் என்றே நினைத்துவிட்டேன்.

டாக்டர் மலாயில் பொறுமையாகச் சொன்னாள். அது பழைய மலம். போகாமல் தங்கித் தங்கி இறுகிப்போனது. புதுசாக வருவது அதைச் சுற்றித் தண்ணியாகக் கசிகிறது. குடல் விரிந்து போனதால் கசிவது அவளுக்கே தெரியாது. நாள் பட்டதால் அந்த வாடையும் அவளுக்குப் பழகிப்போயிருக்கும். பொய் சொல்லவில்லை. இது பேதி இல்லை, மலச்சிக்கல். கதவுக்குப் பின்னால் நிற்பதும் ஆட்டம் இல்லை, வருவதை அடக்குகிறாள். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கொஞ்சம் பெருமையாகவே தேத்தண்ணிக் கதையைச் சொன்னார். "தே ஓ காவ்?" என்று, பால் போடாத கெட்டித் தேத்தண்ணியா என்று கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. "இனிமே வேண்டாம், அது இன்னும் இறுக்கும்" என்று மட்டும் சொன்னாள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டாக்டர் மகளிடம் குனிந்து, எப்போதாவது வலித்ததா என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "ஒரு தடவ ரத்தம் வந்துச்சு. இன்னொரு தடவ போனா கிழிஞ்சிரும்" என்றாள். கக்கூசுக்குப் போனால் வருவது அந்த வலிதான். எத்தனை நாளாக அதை மனசில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாளோ.

தண்ணியில் கலக்கிக் கொடுக்கிற பவுடர் தந்தார்கள். மாதக் கணக்கில் ஆகும், திட்டக்கூடாது, சாப்பிட்டதும் தினமும் உட்கார வைக்கணும் என்றார்கள். முதலில் கசிவு கூடும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். கூடியது. அதைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. பப்பாளி திரும்பி வந்தது, கீரை வந்தது. தேயிலைத் தூளை என் வீட்டுக்காரர் டப்பாவோடு பரணில் ஏற்றிவிட்டார். கக்கூசுக்குப் புது விளக்குப் போட்டார், அந்தச் சொட்டுகிற குழாயைத் துணி சுற்றிக் கட்டினார். பள்ளிக்கூடத்துக்கு நானே போய் டீச்சரிடம் விளக்கினேன். மாற்றுத்துணிப் பையோடு அவளைச் சேர்த்துக்கொண்டார்.

சாப்பிட்டதும் வாளியில் வெந்நீர் எடுத்துக்கொண்டு நான் அவளோடு உள்ளே போவேன். அவர் வெளியே நிற்பார். சாயங்காலப் பனி இறங்கிவிட்டால் கதவு இடுக்கில் அவர் தெரியமாட்டார், குரல் மட்டும்தான். "அப்பா இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்று பனி பதில் சொல்லும். வெறுமனே உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்த நாட்கள்தான் அதிகம்.

ஒருநாள் என் தோளை இறுகப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், குதிகால் எழும்பப் பார்த்தது. "வலிக்காது கண்ணு, விடு" என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை. பிறகு அவள் உடம்பு முழுக்கத் தளர்ந்து என் மேல் சாய்ந்தது.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

தண்ணியை ஊற்றினேன். குழியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள ஒண்ணு இருக்குன்னு அந்தக்கா சொன்னாங்கள்ல. அதுவா?"

"அதேதான். வேற ஒண்ணும் இல்ல."

"அப்ப அவரு யாரு நீன்னு கேட்டப்ப உள்ள இருந்தது நான் மட்டும்தானாம்மா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த வேப்பிலை அடி யார் முதுகில் விழுந்தது என்று அவள் இப்போதுதான் கணக்குப் பார்க்கிறாள். கால் கழுவிவிட்டேன், கதவைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் போனாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு பனி. கதவுச் சத்தம் கேட்டு அவள் அப்பா எப்போதும் போலக் கிண்டலாகக் குரல் கொடுத்தார்.

"யாரு அது வர்றது?"

மகள் சிமெண்ட் பாதையில் நின்றுவிட்டாள். அந்தக் கேள்வி கம்போங் ராஜாவில் காதில் விழுந்தது அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும், அந்தப் பக்கம் சட்டென்று செருமினார்.

"நான்தாம்ப்பா" என்றாள்.