தவசி மாமா பேசிய துப்புக்கூலி

கள்ளன் எவனாக இருந்தாலும் சரி, அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவள் நான்தான். இதை எவளாவது சொல்லி ஊர் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உத்தரகோசமங்கையில் ஸ்டுடியோவும் ஃபிளெக்ஸ் கடையும் வைத்திருக்கும் மகேஸ்வரி நான். போட்டோவில் கழுத்துக்கு நகை போடும் சாஃப்ட்வேர் ஓசியில் கிடைத்தது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடு என்று அதிலேயே எழுதியிருந்தது. அணைத்தேன். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ ஒரு வால் முளைத்திருந்தது. கூடவே ஒரு கடிதம். 'எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவி எங்களிடம். விலை தொள்ளாயிரத்து எண்பது டாலர். மூன்று நாளைக்குள் கட்டினால் பாதி. எங்களை நம்புவதற்காக ஒரு ஃபைலை மட்டும் இலவசமாகத் திறந்து தருவோம். அதில் முக்கியமானது எதுவும் இருக்கக் கூடாது.'

அந்த நேரம் பார்த்துத்தான் தவசி மாமா படியேறினார். "ஏத்தா, வெள்ளிக்கிழம தெவசம். உங்க அத்த படத்தப் பிரேம் போட்டுக் குடு."

உலகம்மாள் அத்தை போட்டோ என்றாலே முந்தானையால் முகத்தை மூடுகிறவள். ஆதாரில் இருப்பது அவள்தான் என்று கோயிலில் சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். நூறு நாள் வேலை அட்டையில் இருந்த ஒரே நல்ல படத்தை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். அட்டை பிறகு ஆபீசுக்குப் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த ஃபிளெக்ஸோ மாமாவின் வைக்கோல் போரை மூடி, வெயிலில் வெளுத்து, முகமே இல்லாமல் கிடக்கிறது. அத்தை இருந்தது என் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

விஷயத்தைச் சொன்னேன். அழுவார் என்று பார்த்தால் மனுஷர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அட, இது துப்புக்கூலில்ல!"

மாமா மிளகாய் விவசாயி. ஆனால் சுற்றுப்பட்டியில் அவர் பெயர் அதற்காக நிற்கவில்லை. மாடு களவு போனால், எடுத்தவனுக்கும் பறிகொடுத்தவனுக்கும் நடுவில் போய்ப் பேசுவார். துப்புக்கூலி கைமாறும், மறுநாள் மாடு கருவேலங்காட்டில் கட்டிக்கிடக்கும். மாட்டுக் களவு போய்ப் பம்புசெட் மோட்டார் களவு வந்த பிறகும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். தனக்கென்று ஒரு டீயைத் தவிர எதுவும் வாங்கியதில்லை.

புதுமடத்து லாமியாவுக்குப் போன் போட்டேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிற பெண். "அக்கா, மொதல்ல நெட் ஒயரப் புடுங்குங்க. பேக்கப் ஹார்ட் டிஸ்க் எங்க?" என்றாள்.

"அதுலயேதான் சொருகிக் கெடக்கு."

"யா அல்லாஹ்! அப்ப அதுவும் போச்சு. காசு மட்டும் கட்டிராதீங்க, வாங்கிட்டுச் சாவி தராமப் போறவன்தான் ஜாஸ்தி. சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிச்சுப் புகார் குடுங்க. பூட்டுன ஃபைல அழிச்சிராதீங்க, சில பூட்டுக்குப் பின்னால சாவி வெளிய வந்துரும்."

புகார் கொடுத்தேன். மாமா அதற்குள் செருமிக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடிதத்தில் இருந்த மெயிலுக்கு என் போனிலிருந்து அதை இங்கிலீஷில் அனுப்பினேன். "நீங்க எந்த ஊரு? உங்க பக்கம் பேசுறதுக்குப் பெரிய ஆளு யாரு? எங்கன வந்து பாக்க?"

'பணம் கட்டு. பேச்சு இல்லை' என்று பதில் வந்தது.

"சீ, மருவாதி தெரியாத பய! நம்ம பக்கத்துக் களவாணி சாப்பிட்டியளான்னாவது கேப்பான்." மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "சரி, மாடு உசுரோட இருக்கான்னு மொதல்ல காட்டச் சொல்லு. பொன்னுச்சாமி மக கல்யாணப் படத்துல ஒண்ண அனுப்பு."

"அத்தை படத்த அனுப்புறேன் மாமா."

"தரகு பேசுறவன் தன் மாட்ட மொதல்ல ஓட்டிட்டு வரக் கூடாது. நாப்பது வருசப் பேரு, கெடுத்துராத."

பேராவது, ஊராவது! நெட் ஒயரைப் பிடுங்கிய கம்ப்யூட்டரின் திரையில் ஃபைலைத் தேடினேன். பொன்னுச்சாமி மகள் கல்யாணத்தில் அறுபத்துமூன்று சொந்தக்காரர்கள், ஆளுக்கு ஆறு படம். அத்தைக்கு ஒன்று. லாமியாவிடம் வழி கேட்டு அந்த ஒன்றை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனிலிருந்து அனுப்பினேன். மாமாவிடம் கல்யாணப் படம் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. 'பார்த்தோம். இதில் மதிப்புள்ளது எதுவும் இல்லை. இலவசம்.'

போனை மாமாவிடம் நீட்டினேன். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, பயந்த கண், பாதிச் சிரிப்பு. உலகம்மாள் அத்தை.

"தரகுக்குத் துரோகம் பண்ணிட்டியே, நீயெல்லாம் வெளங்குவியா!" என்று கத்தினார். கத்திக்கொண்டே போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். திருப்பிக் கேட்டால் தரவில்லை. மகள் கல்யாணப் படமெல்லாம் போச்சே என்று பொன்னுச்சாமி என் கடை வாசலில் நின்று என்னைக் கிழித்துக்கொண்டிருந்தான். மாமா காதில் அது விழவே இல்லை.

கடைசியில் போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஏத்தா, இதுல சார்ஜ் தீந்தா இவ போயிருவாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சார்ஜரைக் கையில் வைத்துக்கொண்டே கடை முழுக்கச் சார்ஜரைத் தேடினேன்.