ஆதம்பாவா களவெடுத்த எண்ணெய்

எண்ணெயைக் குடித்தது எஞ்சின். திருடியவர் ஆதம்பாவா என்று சொன்னது நான்.

அறியாமல் சொன்னேன் என்று முடித்துக்கொள்ள முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இல்லை. உண்மையை அறிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்... அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். வயதானவன் என்று இரக்கப்படாதீர்கள். வாசித்து முடிக்கும்போது அந்த எண்ணம் தானாகவே போய்விடும்.

எழுபதுகளின் கடைசி. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி ஒரு வெளிநாட்டுக் கம்பனி ஆலை கட்டிக்கொண்டிருந்தது. அதன் வாகனங்களுக்கெல்லாம் பொறுப்பான எஞ்சினியர் நான். கொழும்பில் படித்தவன். அதை எவரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டவன். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் கராஜுக்குள் நடப்பேன். கறை படிந்த கைகளைக் கண்டால் முகம் சுளிப்பேன். என்ன எஞ்சினியர்!

மனேஜர் தம்முடைய நாட்டிலிருந்து காரொன்றைக் கப்பலில் இறக்கியிருந்தார். டேர்போ பூட்டிய கார். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூட்டுப் புகையே ஒரு சிறு சில்லைச் சுழற்றும். அந்தச் சுழற்சி எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றை அடைக்கும். அப்படியொன்றை அதற்கு முன் நான் கண்ணாலும் கண்டதில்லை. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்தவன்போலத் தலையை ஆட்டினேன்.

காரின் சாரதி கிண்ணியாவைச் சேர்ந்த ஆதம்பாவா. சவூதியில் சாரதி வேலைக்கு ஓர் ஏஜென்சி அவரை எடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. கம்பனியின் நற்சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. நாற்பது தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள். அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வேளையில்தான் காரில் எண்ணெய் குறையத் தொடங்கியது. ஆதம்பாவா களஞ்சியத்திலிருந்து டின் டின்னாக வாங்கி ஊற்றினார். ஊற்ற ஊற்றக் குறைந்தது. எண்ணெய் எங்கே போகிறது என்று மனேஜர் என்னைக் கேட்டார்.

நான் சோதித்தேன். காரின் அடியில் வெள்ளைத் தாள் விரித்து வைத்தேன். ஒரு சொட்டு விழவில்லை. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்தேன்; குறைவில்லை. கராஜ் முற்றத்தில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பின்னால் நின்றேன்; புகையில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்!

ஆதம்பாவா கதவோரம் வந்து நின்றார்.

"சேர், இங்க வெச்சிப் பார்த்தா ஒண்டும் விளங்காது. ஒருக்கா என்னோட பாதையடிக்கு வாங்க. அங்கதான் இது சேட்டை விடுற."

வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் பெரிய மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். கிண்ணியாவுக்கு அப்பால் கம்பனி மணல் அள்ளும் இடத்துக்கு மனேஜர் அதில்தான் போய்வந்தார்.

"எஞ்சினைப் பற்றிப் பாதையில நிண்டு படிக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரேல்ல, ஆதம்பாவா. நீர் போய் உம்மட வேலையப் பாரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

அன்று பின்னேரமே மனேஜரிடம் போய், எஞ்சினில் குறையில்லை, குறை எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். திருட்டு என்ற சொல்லைக்கூட நான் வாயால் உச்சரிக்கவில்லை. படித்தவன் அல்லவா! அவர் விளங்கிக்கொண்டார். மறுநாள் ஆதம்பாவாவுக்கு வேலையில்லை.

புதிய சாரதி கிடைக்கும்வரை மனேஜரை நானே ஏற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. பாதையைத் தவறவிட்டால் கரையில் காய வேண்டும். ஆகவே அவர் விரட்டினார். நானும் காரை விரட்டினேன். துறையை அடைந்த கணமே எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். ஓடும் எஞ்சினோடு பாதையில் ஏறக்கூடாது என்பது அங்குள்ள வழக்கம். பாதைக்காரர்கள் காரைக் கையால் தள்ளி ஏற்றினார்கள். அக்கரையில் தள்ளி இறக்கினார்கள்.

அங்கே எஞ்சினை மீண்டும் முடுக்கினேன். பின்னால் சிரிப்பொலி எழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன்... நீலப் புகை! துறை முழுவதையும் மூடும்படி ஒரு நீல மேகம். தேநீர் விற்றுக்கொண்டிருந்த ஒருவர் மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னார்:

"ஆதம்பாவா களவெடுத்த ஒயில் போகுது, பாருங்க."

அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று மனேஜர் கேட்டார். காரைப் புகழ்கிறார்கள் என்றேன்.

வழி நெடுக எனக்குப் புரிந்துகொண்டே வந்தது. டேர்போவின் அச்சு எண்ணெயில்தான் மிதந்து சுழல்கிறது. எண்ணெய் மெல்லிய குழாயால் அழுத்தத்தோடு வரும்; தடித்த குழாயால் தன் பாரத்திலேயே கீழே வடியும். விரட்டி ஓட்டிய காரைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் வரத்து நின்றுவிடும், அச்சோ கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே தேங்கிய எண்ணெய் தீய்ந்து கரியாகும். கரி சேரச் சேர வடிகுழாய் அடைபடும். வடிய இடமில்லாத எண்ணெய் புகைக்குழாய்ப் பக்கம் கசிந்து கிடந்து, அடுத்த முறை முடுக்கும்போது எரிந்து போகும். விரட்டாமல் சும்மா ஓடவிட்ட என் முற்றத்தில் இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு நாளும் துறையில் நடந்தது இது.

மெக்கானிக்குகள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் கராஜைத் திறந்தேன். கழுத்துப்பட்டியைக் கழற்றினேன். டேர்போவை நானே இறக்கினேன். வடிகுழாய்க்குள் என் சுண்டுவிரலின் நுனிகூடப் போகவில்லை; உள்ளே அவ்வளவு கரி. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பியால் குடைந்து எடுத்தேன். அச்சின் சீல்களை மாற்றினேன். புது எண்ணெய் ஊற்றினேன். புதிய சாரதி வந்ததும், துறைக்குக் கொஞ்சம் முன்னால் காரை ஓரங்கட்டி, எஞ்சினைச் சற்று நேரம் சும்மா ஓடவிட்டு, சூடு ஆறியபின் நிறுத்தும்படி கட்டளையிட்டேன். ஏனென்று அவனுக்குச் சொல்லவில்லை.

எண்ணெய் குறைவது நின்றது.

இப்போது பாருங்கள், என் திறமையை! நான் எஞ்சினைத் திருத்திய அதே காரியத்தால் ஆதம்பாவா திருடன் என்பது நிரூபணமாயிற்று. சாரதி போனான், எண்ணெய்க் களவும் நின்றது என்று மனேஜர் என் தோளில் தட்டினார். நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

ஆதம்பாவா நற்சான்றிதழ் கேட்டு வந்தது அந்த நாட்களில்தான். வெள்ளைச் சட்டை அணிந்து, தொப்பியைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு மனேஜரின் கந்தோர் வாசலில் நின்றார். மனேஜர் என் பக்கம் திரும்பி, கொடுக்கலாமா என்றார்.

ஒரு சொல் போதும்... ஒரே ஒரு சொல்! அது உங்கள் முடிவு என்றேன்.

ஆதம்பாவாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனேஜர் கையசைத்ததும் தொப்பியை அணிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

நான் உண்மையை எழுதினேன். எப்போது? மனேஜர் தம் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு! எனக்கு ஒரு கீறலும் விழாது என்று உறுதியான பிறகு. நடந்ததையெல்லாம் கம்பனித் தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, பதவி முத்திரை குத்தி, ஆதம்பாவாவைத் தேடிப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. பாதையில் வாகனம் தள்ளும் வேலையில் இருந்தார்.

காரில் இருந்தபடியே கடிதத்தை நீட்டினேன். இறங்கிக் கொடுக்கவேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை. அவர் நின்றபடி முழுவதையும் வாசித்தார். மடித்து என்னிடமே தந்தார்.

"சேர், எனக்கு நாப்பத்தி ரெண்டாகிட்டு. இத இப்ப ஆருக்கிட்ட காட்டுற?"

இங்குள்ளவர்களுக்காவது சொல்கிறேன் என்றேன்.

"இவங்களுக்குத் தெரியும் சேர். இவங்கதானே புகையப் பார்த்தது."

அவர் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார்.

"பாதை வந்திட்டு. எஞ்சின நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன். அவர் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். கார் அசைந்தது. கண்ணாடியில் அவருடைய குனிந்த தலை தெரிந்தது. உள்ளே, சுக்கானைப் பிடித்துக்கொண்டு நான்... அவர் என்னைத் தள்ளி ஏற்றி, அக்கரையில் தள்ளி இறக்கினார்.

அதன்பின் நான் அந்தத் துறைக்குப் போகவில்லை. கிண்ணியாவில் அலுவல் என்றால் தரைவழியாகக் கந்தளாயைச் சுற்றிப் போய்வந்தேன். இப்போது அங்கே பாலம் இருக்கிறது. பாதையுமில்லை, தள்ளுவோருமில்லை. ஆதம்பாவாவும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் இன்னும் கந்தளாயைச் சுற்றித்தான் போகிறேன்.